மோர்ஸ் தேர்வு எப்போது போனது? ஹாம் ரேடியோ லைசென்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் வைத்துப் பேசுவதுதான் ஹாம் ரேடியோ. வார இறுதிகளில் அதன் லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இணையவழியில் உதவி வருகிறேன். அவர்களில் பலர் வேலைக்காகவோ படிப்புக்காகவோ அமெரிக்கா போனவர்கள். முதல் நாளே குழப்பம் வந்துவிடும். ஒருவர் வைத்திருக்கும் பழைய புத்தகம், புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் குறிமுறை நிமிடத்துக்கு 20 வார்த்தை வேகத்தில் தெரிய வேண்டும் என்கிறது. இன்னொருவரின் புத்தகத்தில் 5 வார்த்தை போதும் என்று இருக்கிறது. மூன்றாமவரின் நண்பர் ஒரு புள்ளிகூடத் தெரியாமல் லைசென்ஸ் வாங்கிவிட்டாராம். மூன்றும் அந்தந்தக் காலத்துக்குச் சரியான தகவல்கள்தான். விதிகள் எந்த வரிசையில் மாறின, ஏன் மாறின என்று தெரிந்துகொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். அதிகமும் அமெரிக்காவைப் பற்றியே எழுதியிருக்கிறேன். இந்தியாவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

இன்றைக்கு அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்க மோர்ஸ் தெரிய வேண்டுமா?

வேண்டாம். 2007 பிப்ரவரி 23 முதல் எந்த வகுப்பு லைசென்ஸுக்கும் மோர்ஸ் தேர்வு கிடையாது. அங்கே ரேடியோவைக் கட்டுப்படுத்தும் எஃப்.சி.சி. ஆணையம் 2006 டிசம்பரில் இந்த முடிவை அறிவித்தது. எழுத்துத் தேர்வு மட்டும்தான் இருக்கிறது.

பொழுதுபோக்குக்காக ரேடியோவில் பேசுகிறவருக்கு மோர்ஸ் தேர்வு எதற்கு வைத்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்ற எல்லாமே விளங்கிவிடும் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பலரும் நினைப்பதுபோல், திறமைசாலிகளை வடிகட்டுவதற்காக அந்தத் தேர்வு பிறக்கவில்லை. கப்பல்களுக்காகப் பிறந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது காற்றலையில் பெரும் குழப்பம் இருந்தது. தவறான செய்திகள் பரவின, அமெச்சூர்கள் (ஹாம்களுக்கு இன்னொரு பெயர்) குறுக்கே புகுந்து கெடுத்தார்கள் என்று பழியும் விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா ரேடியோ சட்டம் கொண்டுவந்தது. அமெச்சூர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும், 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தைத் தொடக் கூடாது என்றது சட்டம். 200 மீட்டருக்குக் கீழே உள்ள சிற்றலை எதற்கும் உதவாது என்று அன்றைய நிபுணர்கள் நினைத்திருந்தார்கள். ஆனால் 1921 டிசம்பரிலேயே அமெச்சூர்களின் சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்காட்லாந்தில் கேட்டது.

சரி, மோர்ஸுக்கு வருவோம். அன்றைக்குக் கப்பலும் கரையும் பேசிக்கொண்ட மொழி மோர்ஸ்தான். 500 கிலோஹெர்ட்ஸ் அபாய அலைவரிசை. ஒவ்வொரு மணி நேரத்திலும் இரண்டு முறை, மூன்று மூன்று நிமிடம், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அதில் ஏதாவது அபயக் குரல் வருகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். கப்பல்களின் ரேடியோ அறைக் கடிகாரங்களில் அந்த மூன்று நிமிடங்களைச் சிவப்பில் குறித்திருப்பார்கள். இப்படிப்பட்ட உலகத்தில் ஓர் அமெச்சூரின் சிக்னல் தவறிப்போய்க் கப்பலின் பேச்சில் விழுந்தால், கரை நிலையம் அவரிடம் "விலகு" என்று சொல்வது மோர்ஸில்தான். அது அவருக்குப் புரியவில்லையென்றால் ஆபத்து. மோர்ஸ் தெரியாதவர் காற்றலைக்கு வரக் கூடாது என்ற விதிக்கு அடிப்படை இதுதான். 1927இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச மாநாடு இதை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கியது.

அந்த விதி பிறகு சுருங்கிய விதத்தைப் பாருங்கள். 1947இல் 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்க மோர்ஸ் கட்டாயம் என்றார்கள். 1959இல் அந்த எல்லை 144 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியது. 1979இல் 30 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தது. கப்பல்களின் மோர்ஸ் ஓடிய, உலகைச் சுற்றி வரும் அலைவரிசைகளுக்கு மட்டும் விதி மிஞ்சியது. ஊர் எல்லையோடு நின்றுவிடும் உயர் அலைவரிசைகளில் பேசுகிறவர் எந்தக் கப்பலுக்கும் இடைஞ்சல் இல்லையே!

5 வார்த்தை, 13 வார்த்தை, 20 வார்த்தை என்கிறார்களே, 'வார்த்தை' என்பதை எப்படி அளக்கிறார்கள்?

ஐந்து எழுத்து ஒரு வார்த்தை. பாரிஸ் நகரத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் ஐந்து எழுத்துகளை மாதிரி வார்த்தையாக வைத்திருக்கிறார்கள். புள்ளி, கோடு, இடைவெளி எல்லாம் சேர்த்து, பின்னால் வரும் வெற்றிடம் உட்பட, அதன் நீளம் சரியாக 50 புள்ளிகள். நிமிடத்துக்கு 5 வார்த்தை என்றால் 25 எழுத்து. 13 என்றால் 65. 20 என்றால் 100.

5 வார்த்தை வேகத்தில் ஒரு புள்ளி கிட்டத்தட்ட கால் நொடி ஒலிக்கும். காதில் விழுந்ததை மனதுக்குள் எண்ணி, எந்த எழுத்து என்று யோசித்து எழுத நேரம் இருக்கும். 13இல் அந்த நேரம் கிடைக்காது. எண்ணுவதை நிறுத்திவிட்டு, எழுத்தை ஒரு முழு ஓசையாகக் கேட்கப் பழகினால்தான் முடியும். 10 வார்த்தைக்குப் பக்கத்தில் பலரும் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது இதனால்தான். நான் 12 வார்த்தைக்குப் பயிற்சி எடுத்த நாட்களில், 9க்கு மேல் போகாமல் மூன்று மாதம் நின்றேன். ஒரு நாள் காலையில் காது தானாகத் திறந்துகொண்டதுபோல் இருந்தது. அந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

அமெரிக்காவில் ஜெனரல் வகுப்புக்கான வேகம் 10 வார்த்தையிலிருந்து 13 ஆனது 1936இல். நம் ஊர் உட்படப் பல நாடுகளில் அது முன்பு 12ஆக இருந்தது.

நோவிஸ், டெக்னீஷியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா. இத்தனை பெயர்கள் எங்கிருந்து வந்தன?

1951இல் வந்தன. அதற்கு முன்பு ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகள் இருந்தன. ஏ வகுப்பு அட்வான்ஸ்டு ஆனது, பி ஜெனரல் ஆனது, சி கண்டிஷனல் ஆனது. தேர்வு மையத்திலிருந்து வெகு தூரத்தில் வசிப்பவர், உள்ளூரில் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள ஒருவர் முன்னிலையில் தேர்வு எழுதி வாங்குவது கண்டிஷனல். இவற்றோடு புதிதாக மூன்று சேர்ந்தன.

நோவிஸ் தொடக்கநிலை: 5 வார்த்தை மோர்ஸ், எளிய எழுத்துத் தேர்வு. ஓராண்டுதான் செல்லும், புதுப்பிக்க முடியாது. அதற்குள் மேலே ஏற வேண்டும், இல்லையென்றால் இறங்கிப் போக வேண்டும். 75 வாட், அதுவும் படிகத்தால் (கிரிஸ்டல்) அலைவரிசை கட்டுப்படுத்தப்பட்ட டிரான்ஸ்மிட்டர். கையில் ஒரே ஒரு கிரிஸ்டல் இருந்தால் ஒரே ஒரு அலைவரிசைதான். நீங்கள் உங்கள் இடத்திலிருந்து கூப்பிடுவீர்கள். பதில் சொல்கிறவர் அவருடைய கிரிஸ்டல் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து சொல்வார். கூப்பிட்டு முடித்ததும் பேண்ட் (ஒதுக்கிய அலைவரிசைப் பகுதி) முழுவதையும் துழாவித் தேட வேண்டும். இப்படித் தேடித் தேடியே காது கூர்மையானவர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்க ஹாம் வரலாற்றில் மிக நல்ல யோசனை எது என்று கேட்டால் நான் நோவிஸைத்தான் சொல்வேன். பதின்வயதுப் பிள்ளைகளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைக்காமல், உள்ளே கூப்பிட்டுப் பழக்கியது அது.

டெக்னீஷியன் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. ஜெனரலுக்கு உரிய எழுத்துத் தேர்வு, ஆனால் மோர்ஸ் 5 வார்த்தைதான். 220 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே சோதனைகள் செய்து பார்க்கிறவர்களுக்காக உருவானது. எக்ஸ்ட்ராவுக்கு 20 வார்த்தையும் கடினமான எழுத்துத் தேர்வும்.

எக்ஸ்ட்ரா வாங்கினால் என்ன கூடுதலாகக் கிடைத்தது?

முதல் பதினாறு பதினேழு ஆண்டுகள் கௌரவம் மட்டும்தான். 1953இல் ஜெனரல் வகுப்புக்கே எல்லா அலைவரிசைகளையும் திறந்துவிட்டார்கள். அட்வான்ஸ்டு புதிதாகக் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். 13 வார்த்தையில் எல்லாம் கிடைக்கும்போது 20க்கு யார் உழைப்பார்கள்?

இதற்கு மருந்தாக வந்ததுதான் 'இன்சென்டிவ் லைசென்சிங்'. 1967இல் முடிவு செய்து, 1968 நவம்பரிலும் 1969 நவம்பரிலும் இரண்டு படிகளாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 80, 40, 20, 15 மீட்டர் பேண்டுகளில் சில பகுதிகளை அட்வான்ஸ்டுக்கும் எக்ஸ்ட்ராவுக்கும் என்று ஒதுக்கினார்கள். அட்வான்ஸ்டு வகுப்பு மறுபடியும் திறந்தது. ஆனால் பதினைந்து ஆண்டாக முழு பேண்டிலும் பேசிவந்த ஜெனரல்காரர், ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் தன் வழக்கமான இடம் தன்னுடையதாக இல்லை. அந்தக் கோபம் பல பத்தாண்டுகள் தணியவில்லை. அமெரிக்காவில் வயதான ஹாம்களிடம் பேசினால் இன்றைக்கும் இந்தப் பேச்சு வரும்.

மேலே ஏறுகிறவருக்குப் புதிதாக ஏதாவது கொடுப்பது நல்ல வழி. ஏற்கெனவே கொடுத்ததைப் பிடுங்கி, அதையே பரிசாகக் காட்டியது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். பின்னால் மோர்ஸ் பற்றி நடந்த ஒவ்வொரு சண்டையிலும் இந்தக் காயம் உள்ளே இருந்தது.

அந்தக் காலத்தில் மோர்ஸ் தேர்வு எப்படி நடந்தது?

எஃப்.சி.சி. அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். பலருக்கு அது நூறு, நூற்றைம்பது மைல் பயணம். ஐந்து நிமிடம் மோர்ஸ் ஓடும். அதில் ஏதாவது ஒரு நிமிடம் முழுதும் பிழையில்லாமல் எழுதியிருக்க வேண்டும். ஜெனரலுக்கு என்றால் தொடர்ந்து 65 எழுத்து. பிறகு மோர்ஸ் தட்டும் கீயில் கை வைத்து அனுப்பிக் காட்ட வேண்டும். காதால் கேட்டு எழுதும் தேர்வில் தோற்றால் எழுத்துத் தேர்வுக்கே உட்கார முடியாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பயத்தில் பென்சில் நடுங்கி, தெரிந்த எழுத்தே கையில் வராமல் போனவர்கள் ஏராளம்.

1984 முதல் தன்னார்வத் தேர்வாளர்கள் பொறுப்பேற்றார்கள். லைசென்ஸ் உள்ள ஹாம்களே மூன்று பேர் சேர்ந்து பள்ளியிலோ நூலகத்திலோ தேர்வு நடத்துகிறார்கள். கேள்வித் தொகுப்பும் பதிலும் வெளிப்படையாக அச்சாகின்றன. மோர்ஸிலும் பத்துக் கேள்விக்கு ஏழு சரியாகச் சொன்னால் போதும் என்ற வழி வந்தது. உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர் சான்று இருந்தால் 13, 20 வார்த்தைத் தேர்வுகளிலிருந்து விலக்கும் கிடைத்தது.

மோர்ஸ் இல்லாத முதல் லைசென்ஸ் எது?

அமெரிக்காவில் 1991 பிப்ரவரி 14 முதல் டெக்னீஷியன். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே எல்லா அமெச்சூர் அலைவரிசையும் கிடைக்கும், மோர்ஸ் வேண்டாம். 1983லேயே எஃப்.சி.சி. இப்படி ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தது. ஹாம்களின் எதிர்ப்பால் அப்போது கைவிட்டது. எட்டு ஆண்டு கழித்து வந்தபோதும் எதிர்ப்பு இருந்தது, ஆனால் கூட்டம் கூட்டமாகப் புதியவர்கள் வந்தார்கள். கணினியை ரேடியோவோடு இணைத்துத் தகவல் அனுப்பும் பாக்கெட் ரேடியோ வளர்ந்த காலம் அது. கணினி ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்தக் கதவு மிகவும் பொருந்தியது. டெக்னீஷியனோடு 5 வார்த்தையும் தேறியவருக்குச் சிற்றலையில் நோவிஸுக்கு உள்ள இடமும் கிடைத்தது. அந்த வகுப்புக்குப் பின்னர் டெக்னீஷியன் பிளஸ் என்று பெயர் வைத்தார்கள்.

மற்ற நாடுகள் இதற்கு முன்பே இந்த வழியில் போயிருந்தன. பிரிட்டனில் உயர் அலைவரிசைகளுக்கு மட்டும் மோர்ஸ் இல்லாத 'பி' லைசென்ஸ் 1964இலேயே வந்துவிட்டது.

2000ஆம் ஆண்டில் என்ன ஆனது? எல்லாரும் அந்த ஆண்டைச் சொல்கிறார்களே?

2000 ஏப்ரல் 15. ஆறு வகுப்புகள் மூன்றாகக் குறைந்தன: டெக்னீஷியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா. நோவிஸ், டெக்னீஷியன் பிளஸ், அட்வான்ஸ்டு மூன்றையும் புதிதாகக் கொடுப்பதில்லை என்றார்கள். 13 வார்த்தை, 20 வார்த்தைத் தேர்வுகள் போயின. ஜெனரலுக்கும் எக்ஸ்ட்ராவுக்கும் ஒரே அளவு, 5 வார்த்தை.

அந்த ஐந்தையும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்பீர்கள். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே மோர்ஸ் வேண்டும் என்ற சர்வதேச விதி அப்போது உயிரோடு இருந்தது. எத்தனை வார்த்தை என்று அந்த விதி சொல்லவில்லை. விதியை மீறாமல் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார்கள். 20 வார்த்தைக்காகப் பல ஆண்டு உழைத்து எக்ஸ்ட்ரா வாங்கியவர்களுக்கு இது வலித்தது. அந்த வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். புதிய எக்ஸ்ட்ராக்களை 'எக்ஸ்ட்ரா லைட்' என்று அழைத்துச் சிறுமைப்படுத்தியதை மட்டும் ஏற்க முடியாது. கொடுத்த தேர்வை நேர்மையாக எழுதித் தேறியவர்கள் அவர்கள்.

சர்வதேச விதி எப்போது போனது?

2003இல், ஜெனீவாவில் நடந்த உலக ரேடியோ மாநாட்டில். மோர்ஸ் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்று விதியை மாற்றினார்கள். மாற்றம் அதே ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சுவிட்சர்லாந்து, பிரிட்டன், ஜெர்மனி மூன்றும் அந்தக் கோடைக்குள்ளேயே தேர்வை எடுத்துவிட்டன. கனடா 2005இல் வேறு வழியில் போனது: மோர்ஸ் தெரியாவிட்டாலும், எழுத்துத் தேர்வில் 80 விழுக்காடு வாங்கினால் சிற்றலை உண்டு.

இந்த மாற்றத்துக்குக் காரணம் கப்பல்களில் இருந்தது. செயற்கைக்கோளையும் தானியங்கிக் கருவிகளையும் வைத்து அமைத்த உலகக் கடல் அபாயத் தொடர்பு முறை 1999 பிப்ரவரி 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் கடற்படை அதற்கு முன்பே, 1997 ஜனவரி 31 அன்று, தன் கடைசி மோர்ஸ் செய்தியை அனுப்பிவிட்டு விடைபெற்றது. அமெரிக்காவில் வணிக நிலையங்கள் 1999 ஜூலையில் நிறுத்தின. கப்பல்காரரே அந்த மொழியை விட்ட பிறகு, அவர் பேசுவது புரிய வேண்டும் என்று அமெச்சூருக்குத் தேர்வு வைக்க என்ன நியாயம் மிச்சம் இருக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேர்வைக் கட்டாயமில்லை என்று ஆக்கிய மறு ஆண்டே, 2004இல், சர்வதேச மோர்ஸ் அட்டவணையில் ஒரு புதிய குறி சேர்ந்தது. மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறிதான் அது. செத்த மொழிக்கு யாரும் புது எழுத்து சேர்ப்பதில்லை.

அமெரிக்கா ஏன் 2007 வரை இழுத்தது? தேர்வு போனதும் பேண்டுகள் கெட்டுவிட்டனவா?

மாநாடு முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் மனுக்கள் குவிந்தன. எல்லாவற்றையும் எடுங்கள் என்றார்கள் ஒரு சாரார். எக்ஸ்ட்ராவுக்கு மட்டுமாவது வைத்திருங்கள் என்றார்கள் இன்னொரு சாரார். பொதுமக்கள் கருத்தையும் ஆயிரக்கணக்கில் வாங்கி, கடைசியில் எல்லா வகுப்புக்கும் எடுத்தார்கள்.

பேண்டுகள் கெடவில்லை. மோர்ஸ் ஒழுக்கத்தைக் கொடுக்கும், அது இல்லாவிட்டால் கூச்சலும் வசவும்தான் மிஞ்சும் என்று அப்போது பலர் பயந்தார்கள். காற்றலையில் மரியாதை கெட்டுப் பேசுகிறவர்கள் மோர்ஸ் காலத்திலும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அதற்கும் புள்ளி கோடுக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் இன்று 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள்.

மோர்ஸும் சாகவில்லை. நவம்பர் கடைசி வாரம் நடக்கும் உலக மோர்ஸ் போட்டியின்போது ஒரு சாதாரண ரிசீவரைத் திறந்து கேளுங்கள். 40 மீட்டர் பேண்டின் கீழ்ப்பகுதியில் இடைவெளியே இருக்காது. 2010இல் தொடங்கிய ஒரு மோர்ஸ் சங்கம் உலகம் முழுவதும் இலவசமாக வகுப்பு நடத்துகிறது. அதில் சேர்கிறவர்களில் பலர் மோர்ஸ் தேர்வே எழுதாதவர்கள். கட்டாயம் போன பிறகு ஆசைக்காக வருகிறார்கள்.

என் மாமா 1980களில் அட்வான்ஸ்டு வாங்கியவர். அந்த லைசென்ஸ் இப்போது செல்லுமா?

செல்லும். பழைய நோவிஸ், அட்வான்ஸ்டு லைசென்ஸ்களைப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், உரிமைகளும் குறையாது. டெக்னீஷியன் பிளஸ் மட்டும் புதுப்பிக்கும்போது டெக்னீஷியன் என்று ஆகிவிடும். 20 வார்த்தையில் தேறிய பழைய எக்ஸ்ட்ராவுக்கும் இன்றைய எக்ஸ்ட்ராவுக்கும் லைசென்ஸில் எந்த வித்தியாசமும் இருக்காது.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் 1987 மார்ச் 21க்கு முன் டெக்னீஷியன் வாங்கியிருந்தால் இதைக் கவனியுங்கள். அன்றைய டெக்னீஷியன் எழுத்துத் தேர்வு ஜெனரல் தேர்வேதான். பழைய சான்றைக் காட்டினால், புதிய தேர்வு எழுதாமலேயே ஜெனரல் கிடைக்கும். இது தெரியாமலே இருப்பவர்கள் இன்னும் உண்டு.

இப்போதைய தேர்வு எப்படி இருக்கும்?

டெக்னீஷியனுக்கு 35 கேள்வி, 26 சரியாக இருக்க வேண்டும். ஜெனரலுக்கும் அதே கணக்கு. எக்ஸ்ட்ராவுக்கு 50 கேள்வி, 37 சரி. ஒரே நாளில் மூன்றையும் அடுத்தடுத்து எழுதலாம். அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இருக்கக் கூடாது, அமெரிக்காவில் ஓர் அஞ்சல் முகவரி வேண்டும், அவ்வளவுதான். ஆகவே மாணவர் விசாவில் இருப்பவரும் எழுதலாம்.

டெக்னீஷியனுக்குச் சிற்றலை கிடையாது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. 10 மீட்டரில் ஒரு பகுதியில் டெக்னீஷியன் குரலிலும் பேசலாம். 80, 40, 15 மீட்டர் பேண்டுகளிலும் இடம் உண்டு, ஆனால் அங்கே மோர்ஸ் மட்டும்தான். மோர்ஸ் தேர்வே எழுதாதவருக்குச் சிற்றலையின் நல்ல பகுதிகளில் மோர்ஸ் உரிமை! பழைய நோவிஸின் இடத்தை 2007இல் எல்லா டெக்னீஷியன்களுக்கும் கொடுத்ததால் வந்தது இது. என்னிடம் வரும் டெக்னீஷியன்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். 200 வாட் வரை அனுமதி உண்டு. 5 வாட் போதும், ஜன்னலிலிருந்து மரத்துக்கு ஒரு கம்பி கட்டினால் போதும், 40 மீட்டரில் இரவில் கண்டம் தாண்டிப் பேசலாம்.

இந்தியாவில் எப்படி?

நம் ஊர் விதிகள் 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகளிலிருந்து வருகின்றன. நான் தேர்வு எழுதிய காலத்தில் கிரேடு 2க்கு 5 வார்த்தை, கிரேடு 1க்கும் அட்வான்ஸ்டுக்கும் 12 வார்த்தை. கிரேடு 2 என்றால் 50 வாட், கிரேடு 1 என்றால் 150, அட்வான்ஸ்டு 400. 2010ஐ ஒட்டி இவற்றை இரண்டாகச் சுருக்கினார்கள்: ஜெனரல், ரெஸ்ட்ரிக்டட். ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் வேண்டாம். ஜெனரலுக்கு 8 வார்த்தை என்று வைத்தார்கள். வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக்குறி ஜெனரலுக்கு, வி.யு.3 ரெஸ்ட்ரிக்டடுக்கு. வயது 12 ஆகியிருந்தால் எழுதலாம்.

அமெரிக்கா எல்லாருக்கும் எடுத்ததையும் நாம் மேல் வகுப்புக்கு வைத்துக்கொண்டதையும் ஒப்பிட்டு, எது சரி என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் கருத்து இது: கப்பல் காரணம் போன பிறகு சிற்றலைக் கதவில் மோர்ஸைப் பூட்டாக வைப்பது தேவையில்லை. மோர்ஸை உயிராக நேசிக்கிற நான் இதைச் சொல்கிறேன். கிராமத்துப் பள்ளியில் மின்னணுவியல் ஆர்வம் உள்ள ஒரு மாணவி, கற்றுத்தர ஆள் இல்லாத ஒரே காரணத்தால் வெளியே நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருப்பதால், விண்ணப்பிக்கும் முன் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு அன்றைக்கு வெளியிட்டிருக்கும் விதியைப் படித்துவிடுங்கள். அமெரிக்க லைசென்ஸோடு விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களும் கவனிக்கவும்: இந்திய அனுமதி வாங்காமல் இங்கே டிரான்ஸ்மிட் செய்யக் கூடாது. செட்டைக் கொண்டுவருவதற்கும் அனுமதி வேண்டும்.

பேரிடர் நேரத்தில் மோர்ஸ் தெரிந்தவர்தானே உதவ முடியும்?

அப்படிச் சொல்ல முடியாது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானில், போர்ட் பிளேரில், வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியோடு இயங்கிக்கொண்டிருந்தது. பல ஆண்டுத் தடைக்குப் பிறகு அங்கே கிடைத்த அனுமதி அது. 26ஆம் தேதி காலை சுனாமி வந்ததும் வழக்கமான தொடர்புகளை நிறுத்திவிட்டு, தீவுகளின் செய்தியை நாட்டின் பிற பகுதிகளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். உறவினர்களைத் தேடியவர்களுக்குப் பதில் சொன்னது பெரும்பாலும் குரலில்தான். அந்த நேரத்தில் தேவைப்பட்டது செட், ஆன்டெனா, பேட்டரி, கலங்காத மனம்.

மோர்ஸுக்குப் பலம் இல்லாமல் இல்லை. குரலுக்கு இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸே போதும். அதே வாட் குறுகிய இடத்தில் குவிவதால், குரல் இரைச்சலில் கரைந்துபோகும் நேரத்திலும் மோர்ஸ் கேட்கும். செட்டும் எளிது. ஒரு சின்னத் தகர டப்பாவுக்குள் நீங்களே கட்டிவிடலாம். 2017இல் வந்த எஃப்.டி.8 போன்ற கணினி முறைகள் இதைவிட பலவீனமான சிக்னலையும் பிடிக்கும், ஆனால் அதற்குக் கணினியும் துல்லியமான கடிகாரமும் வேண்டும்.

தேர்வு இல்லை, கட்டாயம் இல்லை. எனக்கு ஆசை இருக்கிறது. எப்படிக் கற்றுக்கொள்வது?

புள்ளி கோடு அட்டவணையைச் சுவரில் ஒட்டாதீர்கள். கண்ணால் கற்றால் 10 வார்த்தையில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். 1930களில் கோஹ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் சொன்ன வழி நல்லது. முதல் நாளே 20 வார்த்தை வேகத்தில் இரண்டே எழுத்துகளைக் கேளுங்கள். பத்துக்கு ஒன்பது சரியாக வந்ததும் மூன்றாவது எழுத்தைச் சேருங்கள். வேகத்தைக் கூட்டவே வேண்டாம், எழுத்தை மட்டும் கூட்டுங்கள். எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் கூடுதல் இடைவெளி வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

ஒரு நாளைக்கு பதினைந்து நிமிடம், தினமும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது மேல். தாளம் கற்றவர்களுக்கு, மிருதங்கச் சொற்கட்டு தெரிந்தவர்களுக்கு, சீக்கிரம் வருவதைப் பார்த்திருக்கிறேன். 'டிட்', 'டா' என்று வாயால் சொல்லிப் பழகுங்கள், பேருந்தில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே சொல்லுங்கள். எல்லா எழுத்தும் வந்ததும் கீயை வாங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். கை முந்திக்கொண்டால் காது பின்தங்கும். அப்புறம் ஒரு சாயங்காலம் 40 மீட்டரில் மெதுவாக ஒரு அழைப்பு விடுங்கள். வேகமாகப் பதில் வந்தால், மெதுவாக அனுப்பச் சொல்லும் கியூ.ஆர்.எஸ். குறியை அனுப்புங்கள். எதிரில் இருப்பவர் உங்கள் வேகத்துக்கு இறங்கி வருவார்.